பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று ஒரு கார்: செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் இறக்குமதி முயற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் கட்டடப் பொருள் வணிகம் செய்யும் குடும்பம் ஒன்று, பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்காகச் சிங்கப்பூரிலிருந்து பழைய கார் ஒன்றைத் தருவிக்க 2023ஆம் ஆண்டில் முயன்றது. அந்த முயற்சியின் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே பதிவு செய்யப்படுகிறது. அக்குடும்பத்துக்கு வாகன மதிப்பீட்டிலும் பராமரிப்பிலும் பல ஆண்டுகளாக உதவி வருபவன் என்ற முறையில் நான் உடனிருந்தேன். தாள்கள் அனைத்தையும் படித்தேன். ஒரு கட்டத்தில் தவறான கருத்தும் சொன்னேன்; அதையும் உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் இசைவோடு பெயர்களும் அடையாளங்களும் நீக்கப்பட்டுள்ளன.

காரை விரும்பியவர் வீட்டின் மூத்த மகன். அப்போது வயது 34. எட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் பொறியாளராக இருந்துவிட்டு 2019இல் ஊர் திரும்பியவர். சிங்கப்பூரில் இருந்த காலத்தில் விடுமுறை நாள்களில் எல்லை கடந்து மலேசியாவின் செபாங் தடத்துக்குச் சென்று, கட்டணம் செலுத்திக் கார் ஓட்டும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. ஊர் திரும்பிய பின் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் கோயம்புத்தூர்த் தடத்திலும் பயிற்சி நாள்களில், இந்தியாவில் வாங்கிய சிறிய ஹேட்ச்பேக் கார் ஒன்றை ஓட்டி வந்தார். போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. நல்ல எஞ்சினும் நல்ல சஸ்பென்ஷனும் உள்ள ஒரு காரைத் தடத்தில் தன் நேரத்தோடு மட்டும் போட்டியிட்டு ஓட்ட வேண்டும் என்பதே அவர் ஆசை.

கப்பலில் பொருள் வந்து இறங்குவது அந்த வீட்டுக்குப் புதிதன்று. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. பட்டாலை என்னும் கூடத்தின் தரை இத்தாலியப் பளிங்கு. பாட்டனார் காலத்துச் சீமைக் கார் நின்ற மோட்டார் கொட்டகை, பின்கட்டை ஒட்டி இன்றும் இருக்கிறது. இதை நான் அழகுக்காகக் குறிப்பிடவில்லை. பணம் இருந்து, அக்கரையில் நம்பகமான உறவினரும் இருந்தால் பொருள் வந்து சேர்ந்துவிடும் என்ற எண்ணம், பேச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முதல் இரண்டு மாதத் தவறுகளில் பாதி அந்த எண்ணத்திலிருந்தே வந்தவை.

கார் கிடைத்த விதம்

2023 பொங்கலுக்கு மறுவாரம், சிங்கப்பூரில் வாழும் சித்தப்பா மகன் தொலைபேசியில் அழைத்து, தன் நண்பர் ஒருவர் ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரை விற்கப்போவதாகத் தெரிவித்தார். அது எஃப்டி2 என்ற குறியீட்டைக் கொண்ட நான்கு கதவு செடான்; ஜப்பானியச் சந்தையை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது; 1998 சி.சி. கே20ஏ எஞ்சின், 8000 சுற்றில் 225 குதிரைத்திறன், ஆறு கியர். இந்தியாவில் இது விற்கப்பட்டதே இல்லை. 2009இல் தயாரான அந்தக் காரை உரிமையாளர் நன்றாகப் பேணியிருந்தார்.

அவர் விற்க முன்வந்ததற்குக் காரணம் சிங்கப்பூரின் சட்டம். அங்கே கார் வைத்திருக்க உரிமைச் சான்று வேண்டும், சி.ஓ.இ. என்று அழைக்கப்படும் அது பத்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. இந்த உரிமையாளர் 2019இல் அதை மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் நீட்டித்திருந்தார். ஐந்தாண்டு நீட்டிப்புக்குப் பின் மறு நீட்டிப்பு கிடையாது. ஆகவே 2024இல் அந்தக் கார் ஒன்று உடைக்கப்பட வேண்டும், அல்லது நாட்டை விட்டு வெளியேற வேண்டும். நல்ல நிலையில் உள்ள கார் உடைபடப் போகிறது என்ற செய்தி, கார்ப் பித்து உள்ளவரின் காதில் எப்படி விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விலை 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பேசி முடிக்கப்பட்டது; அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 18.5 லட்சம் ரூபாய். பிப்ரவரியில் சித்தப்பா மகனே தன் கையிலிருந்து 3,000 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டார். விதிகளைப் படிக்கும் முன்பே பணம் கைமாறிவிட்டது. அதோடு, இறக்குமதி செய்பவரின் வங்கி வழியாகச் செல்ல வேண்டிய பணம் உறவினர் கையால் சென்றதால், பின்னாளில் விலைக்கு ஆதாரம் காட்ட வேண்டியிருந்தால் அதுவும் சிக்கலாகியிருக்கும்.

தொடக்கத்தில் நம்பியவை

மூன்று நம்பிக்கைகளின் மேல் திட்டம் நின்றது. கார் சாலையில் ஓடப்போவதில்லை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே செல்லப்போவதில்லை. எனவே சாலைக்கார்களுக்கான இறக்குமதி விதிகள் அதற்குப் பொருந்தா என்பது முதலாவது. பழைய காருக்குச் சலுகை உண்டு என்பது இரண்டாவது. அருகிலுள்ள தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்கி, லாரியில் ஏற்றி அரை நாளில் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பது மூன்றாவது.

இரண்டாவது நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பர் ஒருவர் சொன்ன 25 ஆண்டு விதி என்று தெரியவந்தது. அந்த விதி உண்மையானதே. தயாரித்து 25 ஆண்டுகள் கடந்த காருக்கு அமெரிக்காவின் பாதுகாப்புத் தரக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. கனடாவில் அது 15 ஆண்டு. ஆனால் அது அந்நாடுகளின் சட்டம். மேலும், பந்தயத்துக்கு மட்டும் என்று அமெரிக்காவுக்குள் கொண்டுவரும் வழியும்கூட, தொடக்கத்திலேயே பந்தய வாகனமாகக் கட்டப்பட்டவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே தவிர, இருக்கையைக் கழற்றி, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூண்டு பொருத்திய சாலைக்காரை மனத்தில் வைத்தன்று. இந்தியாவிலோ வயதின் திசையே தலைகீழ். இங்கே பழைய காருக்கு வயது கூடக் கூடக் கதவு அடைபடுகிறது.

முதல் நம்பிக்கையில் எனக்கும் பங்கு உண்டு. பதிவு செய்யாத காருக்குத் தரச்சான்று சோதனை எதற்கு, சோதனை இல்லையென்றால் வயது வரம்பு எதற்கு என்று நானே மகனிடம் சொன்னேன். விதியைப் பார்க்காமல் தர்க்கத்தை மட்டும் நம்பிச் சொன்ன சொல் அது.

தாள்களைப் படித்தபோது கண்டவை

மார்ச் மாதத்தில் சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர், தூத்துக்குடியைச் சேர்ந்தவர், மதிப்பீடு அனுப்பினார். கண்டெய்னர் வாடகை, துறைமுகக் கட்டணம், தன் கூலி ஆகியவற்றைத் தெளிவாக எழுதியிருந்தவர், சுங்கவரி என்ற வரியில் மட்டும் ‘நடப்பு விகிதப்படி’ என்று எழுதி முடித்திருந்தார். பொருளின் விவரம் ‘விளையாட்டுக் கார், டிராக் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்றிருந்தது. வீட்டுப் பெரியவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, ஐந்தொகை போட்டுப் பாத்தியா? வரி எவ்வளவுன்னு எழுதாத தாளு கணக்குல சேராதே.” மகன் “ஏஜென்ட் பாத்துக்குவாரு அப்பச்சி” என்றார். பெரியவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் நானும் குடும்பத்தின் ஆடிட்டரும் சுங்கவரி அட்டவணையையும் இறக்குமதிக் கொள்கையையும் எடுத்து உட்கார்ந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது, சுங்க அட்டவணை பொருள்களை வகைப்படுத்தும் தலைப்பு எண்களில் ஒன்றான 8703. ஆட்களை ஏற்றிச் செல்வதற்கென வடிவமைக்கப்பட்ட மோட்டார் கார்கள் அனைத்தும் அதில் அடங்கும். ஸ்டேஷன் வேகன்களும் பந்தயக் கார்களும் உட்பட என்று அந்தத் தலைப்பின் வாசகமே சொல்கிறது. பந்தயக் கார் என்று பெயரிட்டால் வேறு பெட்டிக்குள் போய்விடலாம் என்ற எண்ணத்துக்கு அந்த ஒரு சொல்லிலேயே முடிவு எழுதப்பட்டிருந்தது. எங்கள் காரோ பந்தயக் காராகக்கூடப் பிறந்ததன்று. எண் பலகையோடு சாலையில் ஓடிய குடும்பக் கார்.

அடுத்து, அட்டவணையில் வாகனங்கள் இடம்பெறும் 87ஆம் அத்தியாயத்துக்கான கொள்கை நிபந்தனைகள். பயன்படுத்திய வாகனத்தைத் தனி உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய வேண்டுமானால், அது தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ற முகவிளக்கு வேண்டும். இறக்குமதி நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு சாலையில் ஓடும் தகுதி இருப்பதாகச் சான்று வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். சிங்கப்பூரிலும் இடப்பக்கப் போக்குவரத்துதான் என்பதால் ஸ்டியரிங், வேகமானி, விளக்கு ஆகியவற்றில் எங்கள் காருக்குக் குறையில்லை. வயது 14. தூத்துக்குடி பட்டியலிலேயே இல்லை. இதைவிட வேடிக்கையான ஒன்றையும் அங்கே கவனித்தோம். நாங்கள் சாலைக்கு வராது என்று உறுதி சொல்லிச் சலுகை கேட்க நினைத்த காருக்கு, ஐந்தாண்டு சாலைக்கு வரும் என்ற சான்று கேட்கிறது விதி. எங்கள் வாக்குறுதி அந்த மேசையில் யாருக்கும் தேவைப்படாத பொருள்.

என் தர்க்கம் இங்கேதான் உடைந்தது. பதிவு என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் வேலை. அது மாநிலப் போக்குவரத்து அலுவலகத்தில் நடப்பது. இறக்குமதி என்பது வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையும் சுங்கச் சட்டமும் சேர்ந்து துறைமுகத்தில் நடத்துவது. பின்னதைக் கடந்த பிறகே முன்னதன் கேள்வி எழும். சாலைக்குப் போகமாட்டேன் என்று சொல்வதால் துறைமுகத்தின் கதவு அகலமாவதில்லை.

வரிக்கணக்கையும் அன்றே போட்டோம். 2023இல் பயன்படுத்திய காருக்கு அடிப்படைச் சுங்கவரி 125 விழுக்காடு. அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, அதாவது 12.5. பொருளின் மதிப்பு 100 என்றால் இத்துடன் 237.5 ஆகிறது. அந்தத் தொகையின்மேல் 28 விழுக்காடு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யும், 1500 சி.சி.க்கு மேற்பட்ட செடான் என்பதால் 20 விழுக்காடு இழப்பீட்டு செஸ்ஸும் சேர்ந்து 114. ஆக, 100 ரூபாய்ப் பொருளுக்கு வரி 251 ரூபாய் 50 காசு. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்துக் காரின் மதிப்பு 20 லட்சம் என்று கொண்டால் வரி 50.3 லட்சம்; வீட்டு வாசலுக்கு வரும் முன்பே 70 லட்சத்தைத் தாண்டும். வாங்கிய விலையைச் சுங்கத்துறை அப்படியே ஏற்கும் என்ற உறுதியும் இல்லை. பழைய காருக்கு, அது புதிதாக இருந்தபோதைய விலையிலிருந்து தேய்மானம் கழித்து மதிப்பிடும் முறை உண்டு.

பின்னாளில் இந்தப் பெயர்கள் மாறின. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரி 70 என்றும் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 67.5 என்றும் பிரிக்கப்பட்டது. கூட்டினால் அதே 137.5. அவ்வாண்டு செப்டம்பரில் இழப்பீட்டு செஸ் நீங்கி ஜி.எஸ்.டி. 40 ஆனது. இன்று கணக்கிட்டால் 251.5 என்பது 232.5 ஆகக் குறையும். முடிவை மாற்றக்கூடிய குறைவு அன்று.

ஆராய்ந்த மாற்று வழிகள்

ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து வழிகள் பேசப்பட்டன. சிலவற்றை ஒரே மாலையில் கைவிட்டோம். ஒன்றுக்கு மூன்று வாரம் செலவழித்தோம்.

நிரந்தரமாக ஊர் திரும்புவோர் தம் காரைக் கொண்டுவரும் வசதி, மகன் 2019இலேயே திரும்பிவிட்டதாலும் கார் அவர் பெயரில் இருந்ததில்லை என்பதாலும் பொருந்தவில்லை. வெளிநாட்டில் காலமான உறவினரின் சட்ட வாரிசுக்கு ஒரு வழி உண்டு என்று ஏஜென்ட் நினைவூட்டினார். சித்தப்பா நலமாக இருக்கிறார் என்று பெரியவர் பதில் சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றது.

கார்னே என்ற ஆவணத்தின் மூலம் சுற்றுலாப் பயணியின் காராகக் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டில் வசிப்பவர் தம் காரை வரி செலுத்தாமல் ஆறு மாதம்வரை இங்கே வைத்திருந்து, மீண்டும் எடுத்துச் செல்வதற்கான ஏற்பாடு அது. கார் திரும்பிப் போகாவிட்டால், உத்தரவாதம் கொடுத்த மோட்டார் சங்கத்தின் மீதும் அதன் வழியாகச் சித்தப்பாவின் மீதும் முழு வரியும் விழும். அக்கரை உறவினரின் கையெழுத்தை வைத்து இக்கரையில் விளையாடுவது லேவாதேவிக் குடும்பத்தில் செல்லாது. பெரியவர் இதைக் கேட்டு முடிக்கவே விடவில்லை.

மூன்று வாரம் தின்றது, பிரித்துக் கொண்டுவரும் யோசனை. எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஒரு கண்டெய்னரிலும், உடற்கூட்டை இன்னொன்றிலும், வெவ்வேறு மாதங்களில், உதிரிபாகம் என்ற பெயரில் அனுப்பலாம் என்றார் ஏஜென்ட். மலேசியாவில் ‘ஹாஃப் கட்’ என்று காரின் முன்பாதியை அறுத்து விற்பது பெரிய தொழில். அதை அறிந்தவர்களுக்கு இந்த யோசனை இயல்பாகவே தோன்றும். சென்னையிலுள்ள மூத்த சுங்க ஆலோசகர் ஒருவரிடம் கட்டணம் செலுத்தி எழுத்தில் கருத்துக் கேட்டோம். அவர் இரண்டு பதில்கள் தந்தார். சுங்க அட்டவணையின் பொதுப் பொருள்கோள் விதி 2(அ)வின்படி, முழுமையடையாத பொருளும் பிரித்துக் கொண்டுவரப்பட்ட பொருளும், முழுப்பொருளின் இன்றியமையாத தன்மையைக் கொண்டிருந்தால் முழுப்பொருளாகவே வகைப்படுத்தப்படும். வெவ்வேறு சரக்காக வந்தாலும், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒரே காரைச் சேர்ந்தவை என்று தெரிந்தபின் அது மறைப்பாகவே பார்க்கப்படும். இரண்டாவது பதில் இன்னும் எளிது: இயந்திரத் தளவாடம் அல்லாத பயன்படுத்திய பொருள்களும் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருப்பவையே; எனவே பழைய எஞ்சினுக்கும் உரிமம் வேண்டும்.

மீறிக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் எழுதியிருந்தார். சுங்கச் சட்டம் 1962இன் 111(ஈ) பிரிவின்கீழ் பறிமுதல், 112இன்கீழ் அபராதம், தடைக்கு உட்பட்ட பொருள் என்பதால், 125இன்கீழ் மீட்புத் தொகை செலுத்தி எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தருவது அதிகாரியின் விருப்புரிமை. தந்தாலும் அந்தத் தொகைக்கு மேல் முழு வரியும் உண்டு. விசாரணை முடியும்வரை டெமரேஜ் எனப்படும் தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும்.

கடைசி வழி நேர்வழி. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் குழுவின் முன் வைக்கப்பட்டு, காரணம் பரிசீலிக்கப்படும். பந்தயத் தொடர் நடத்தும் நிறுவனங்களின் வெளிநாட்டு வாகனங்கள் இங்கே ஓடுவதைக் காட்டி நமக்கும் கிடைக்காதா என்று மகன் கேட்டார். தனிமனிதரின் பொழுதுபோக்கு, 14 ஆண்டு பழைய சாலைக்கார், எந்தப் போட்டிப் பிரிவிலும் இடம் பெறாதது என்ற விவரங்களோடு செல்லும் விண்ணப்பம் தேறும் என்று தாம் நம்பவில்லை என்றார் ஆலோசகர். கிடைத்தாலும் வரிக்கணக்கு மாறாது.

முடிவும் அதன் காரணங்களும்

2023 ஜூன் முதல் வாரத்தில் முகப்பில் உட்கார்ந்து பேசி, இறக்குமதியைக் கைவிடுவது என்று முடிவு செய்யப்பட்டது. கார் இன்னும் கப்பல் ஏறவில்லை. கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங் போடப்படவில்லை. அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் இழப்பு முன்பணத்தோடு நிற்கும் என்பதே அன்றைய முதன்மைக் காரணம். கப்பல் ஏறிய பின் திருப்பி அனுப்புவதற்கும் அனுமதி, கட்டணம், காலம் எல்லாம் வேண்டும்.

சட்டத்துக்கு அப்பாற்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. கார் வந்து சேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, அதன் ஓராண்டு வாழ்க்கையை எழுதிப் பார்த்தோம். பதிவில்லாத கார் பொதுச் சாலையில் சக்கரம் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்ற வேண்டும். காரைக்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். உடைந்தால் பாகம் இங்கே கிடைக்காது. ஆண்டுக்கு ஆறு பயிற்சி நாள்கள் கிடைத்தாலே பெரிது. 70 லட்சம் ரூபாய்க் கார் ஆண்டில் 359 நாள் கொட்டகையில் நிற்கும். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருக்கிறதே, சோழவரத்தில் அப்படிப்பட்ட ஓடுதளத்தில்தானே அந்தக் காலத்தில் பந்தயம் நடந்தது என்று மகன் கேட்டார். சோழவரத்தில் அமைப்பாக நின்று நடத்தியது 1953இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம். இங்கே அரசு நிலத்தில் தனியொருவர் கார் ஓட்டுவது வெறும் அத்துமீறல். ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஆளும் இல்லாத நேர்ப்பாதையில் 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதை ஆதரிக்க நான் தயாராக இல்லை.

அந்த மாலையில்தான் மாற்றுத் திட்டம் எழுந்தது. எஃப்டி2 டைப் ஆர் என்பது எட்டாம் தலைமுறை சிவிக்கின் ஓர் உருவம். அதே தலைமுறையின் சாதாரண வடிவம் 2006 முதல் இந்தியாவிலேயே தயாராகி விற்கப்பட்டது: 1.8 லிட்டர், 132 குதிரைத்திறன், ஐந்து கியர். திறனில் 93 குதிரை குறைவு. ஆனால் உடற்கூட்டின் அடிப்படையும் சஸ்பென்ஷன் அமைப்பும் நெருங்கிய உறவு. 2008ஆம் ஆண்டுக் காரின் 15 ஆண்டுப் பதிவு 2023இல் முடிகிறது என்பதால், அப்படிப்பட்ட கார்களை உரிமையாளர்கள் குறைந்த விலைக்கே தள்ளிவிடத் தயாராக இருந்தார்கள். சாலையில் ஓட்டப்போவதில்லை என்ற எங்கள் வாக்குறுதிக்கு, துறைமுகத்தில் இல்லாத மதிப்பு மதுரைப் பழைய கார்ச் சந்தையில் இருந்தது.

அதன்பின் நடந்தவை

ஜூலையில் மதுரையில் 1.9 லட்சம் ரூபாய்க்குக் கார் வாங்கப்பட்டது. பெயர் மாற்றம் முறைப்படி செய்யப்பட்டது. பதிவுக்காலம் அக்டோபரில் முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை. இருக்கை கழற்றும் வேலையும் வெல்டிங்கும் அதற்குப் பிறகே தொடங்கின. பதிவு உயிரோடு இருக்கும் காரின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. தாள் விஷயத்தில் ஒருமுறை சூடுபட்ட பின் அந்த வரிசையைக் கவனமாகவே கடைப்பிடித்தோம்.

கூண்டுக்கு, உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிநூலின் இணைப்பு ஜே, 253ஆம் உறுப்பின் அளவுகளையே எடுத்துக்கொண்டோம். முதன்மை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிப்பு கொண்ட, மூட்டில்லாத குளிர் இழுப்பு எஃகுக் குழாய் வேண்டும். உள்ளூர் வெல்டர் தன்னிடம் இருந்த கேட்டுக் குழாயைக் காட்டி இதுவே உறுதி என்று சாதித்தார். குழாயைக் கோயம்புத்தூரிலிருந்து சான்றோடு வரவழைத்த பிறகே வேலை தொடங்கியது. சித்தப்பா மகன் அன்போடு அனுப்பிவைத்த பழைய பந்தய பெல்ட்டில் அச்சிட்டிருந்த காலாவதி ஆண்டு கடந்திருந்ததால், அது சுவரில் தொங்குகிறது.

இறக்குமதி முழுவதும் நின்றுவிடவில்லை. உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன் தொகுதி ஒன்று ஜப்பானிலிருந்து புதிதாக வாங்கப்பட்டது. புதிய உதிரிபாகம் என்பதால் உரிமம் வேண்டியதில்லை. அடிப்படை வரி 15, கூடுதல் வரி 1.5, அதன்மேல் ஜி.எஸ்.டி. 28 என்ற கணக்கில் மொத்தம் 49 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 1.6 லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு ஏறத்தாழ 78,600 ரூபாய் வரி செலுத்தி, பதினோரு நாளில் வீட்டுக்கு வந்தது. அதே கடல், அதே சுங்கம். சரியான தலைப்பு எண்ணில் வந்த பொருளுக்கு ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

2024 பிப்ரவரியில் கோயம்புத்தூரின் 2.1 கிலோமீட்டர் தடத்தில் முதல் பயிற்சி நாள். ஆறாவது சுற்றில் பிரேக் பெடல் தரைவரை போனது. மகன் கியரைக் குறைத்து, ஓரத்து மணலில் காரை நிறுத்திவிட்டார், சேதம் இல்லை. கூண்டுக்கும் சஸ்பென்ஷனுக்கும் செலவழித்த நாங்கள், பிரேக் திரவத்தை மாற்றாமலே விட்டிருந்தோம். டாட் 4 திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். மதுரைக்காரர் கடைசியாக எப்போது மாற்றினார் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. திரவத்தையும் பிரேக் பேடையும் மாற்றி, முன் பம்பரில் காற்று செல்லும் குழாய் வைத்த பின், ஏப்ரல் மாதம் இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் தடத்தில் பத்துச் சுற்றும் பெடல் உறுதியாக நின்றது. அதுவரையிலான மொத்தச் செலவு, ஃப்ளாட்பெட் வாடகையும் சேர்த்து, 11.4 லட்சம் ரூபாய்.

இன்று செய்வதாயின் மாற்றுவன

முன்பணத்துக்கு முன்பே தலைப்பு எண்ணைக் கேட்டிருப்போம். காரின் தயாரிப்பு ஆண்டும் மாதமும், பயன்படுத்தியதா புதியதா என்பது, எந்தத் துறைமுகம், எந்த நிபந்தனை ஆகிய இந்த நான்கு கேள்விகளுக்கு ஒரு பிற்பகல் போதும். நாங்கள் அதற்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். அதில் பெரும்பகுதி, இறக்குமதி நடக்கும் என்ற முடிவை முதலிலேயே எடுத்துவிட்டு, அதற்கு வழி தேடியதில் போனது.

கிளியரிங் ஏஜென்டைக் குறை சொல்லமாட்டேன். சரக்கை இறக்குவது அவர் தொழில், இறக்கலாமா என்று சொல்வது அவருக்குக் கூலி தரும் வேலை அன்று. அந்தக் கேள்விக்குத் தனியாக, எழுத்தில், கட்டணம் கொடுத்துக் கருத்துப் பெறுவதை மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டும். சென்னை ஆலோசகருக்கு நாங்கள் கொடுத்தது முன்பணத்தில் இழந்ததைவிடக் குறைவு.

என் அளவில், விதியைக் காணாமல் தர்க்கத்தால் பதில் சொன்னதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இதன்பின் இதே கேள்வியோடு இருவர் வந்தார்கள். ஒருவர் தாய்லாந்திலிருந்தும் மற்றவர் துபாயிலிருந்தும் பழைய கார் கொண்டுவர விரும்பினார்கள். இருவரிடமும் முதலில் கேட்டது தயாரிப்பு ஆண்டு. துபாய்க்காரரின் கார் இடப்பக்க ஸ்டியரிங் கொண்டது என்பதால் அங்கேயே பேச்சு முடிந்தது.

சிங்கப்பூர் உரிமையாளர் 3,000 வெள்ளியில் 2,000 வெள்ளியைத் திருப்பித் தந்தார். நான்கு மாதம் வேறு யாருக்கும் விற்காமல் காத்திருந்ததற்காக மீதியை வைத்துக்கொண்டார். அது நியாயம் என்றே மகன் ஏற்றுக்கொண்டார். சிவிக் இப்போது பாட்டனாரின் மோட்டார் கொட்டகையில் நிற்கிறது. அந்த ஆண்டுப் பேரேட்டில் பெரியவர் தம் கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கிறார்: சிங்கப்பூர்க் கார் வகையில் வராக்கடன், வெள்ளி 1,000.